குஞ்சம் வைத்த கம்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கியோத்தோ தோஜி கோயில் சந்தையில் ஒரு பழைய சாக்கே (அரிசி மது) கிண்ணம் வாங்கினேன். வெள்ளைப் பீங்கான். உள்ளே பொன்னிறத்தில் செர்ரிப் பூவும், குஞ்சம் தொங்கும் ஒரு கம்பும் இருக்கின்றன. ராணுவக் கிண்ணம் என்றார் கடைக்காரர். உடன் வேலை செய்பவர் 'ஷோவா 9' என்று ஆண்டை (ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டு) மட்டும் படித்துச் சொன்னார். இது ராணுவத்துடையதுதானா? கறையைத் தேய்த்து எடுக்கலாமா? படங்கள் இணைத்துள்ளேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ராணுவம் இல்லை, தீயணைப்புப் படை. வருத்தப்படாதீர்கள், நானும் இப்படி ஏமாந்தவன்தான். செர்ரிப் பூவைப் பார்த்ததும் ராணுவம் என்று முடிவு கட்டி, கூடுதல் விலை கொடுத்து ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் அலமாரியில் பெருமையாக வைத்திருந்தேன். செர்ரிப் பூ ஜப்பானில் எல்லோருக்கும் பொது. தரைப்படை என்றால் நட்சத்திரம், கடற்படை என்றால் நங்கூரம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அந்தக் குஞ்சக் கம்பின் பெயர் மாதோய். எதோ நகரில் (இன்றைய தோக்கியோ) 1720 வாக்கில் ஊர்க்காரர்களைக் கொண்டு தீயணைப்புக் குழுக்கள் அமைத்தார்கள். மரவீடுகள் நெருக்கியடித்த ஊர். தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படுத்த முடியாது. நெருப்பு அடுத்துப் போகும் வழியிலுள்ள வீடுகளைக் கொக்கிக்கோலால் இழுத்துத் தள்ளிவிடுவார்கள். ஒருவர் மாதோயைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறி நிற்பார். இது எங்கள் குழு பார்த்துக்கொள்ளும் இடம் என்று அர்த்தம். கீழே எரிந்துகொண்டிருக்கும்போது! அந்தத் திமிரைத்தான் பிறகு கிண்ணங்களில் வரைந்தார்கள். பல வருடம் சேவை செய்தவருக்கும், ஓய்வு பெறுபவருக்கும், புது நிலையம் திறக்கும்போதும் இவற்றைக் கொடுப்பது வழக்கம்.

காலத்தைக் கணிக்கப் படத்தைவிட எழுத்துதான் உதவும். கிண்ணத்தில் எழுதியிருக்கும் தீயணைப்பு அமைப்பின் பெயர் மூன்று எழுத்து. 1894 முதல் 1939 வரை ஷோபோகுமி. 1939இல் வான்தாக்குதல் காப்புக் குழுக்களோடு சேர்த்துக் கெய்போடான் ஆக்கினார்கள். போருக்குப் பின், 1947 முதல், ஷோபோடான். முதலுக்கும் கடைசிக்கும் மூன்றாவது எழுத்தில்தான் வேறுபாடு: 'டான்' ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருக்கும், 'குமி' அப்படி இருக்காது. உங்கள் படத்தில் பெட்டி இல்லை, ஆகவே குமி. ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் 1934. கணக்கு ஒத்துப்போகிறது. ஷோவாவுக்கு முந்தைய ஆட்சிக்காலமான தைஷோ என்று எழுதிய கிண்ணம் கிடைத்தால் 1911ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, கறை. புளி, எலுமிச்சை பக்கமே போகாதீர்கள். பொன்பூச்சு மெருகுக்கு மேலே இட்டது, நாரால் தேய்த்தால் பூவே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். விளிம்பில் பொன் தேய்ந்திருப்பது குறையே இல்லை, யாரோ அதில் குடித்திருக்கிறார்கள்.

அப்புறம், அடிப்பக்கப் படத்தில் உங்கள் கட்டைவிரல் பாதியை மறைக்கிறது. அடிவளையத்துக்குள் சிவப்பாக ஏதோ எழுத்து தெரிகிறது. பெற்றவரின் குடும்பப் பெயராக இருக்கலாம். விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்புங்கள்.