சித்தப்பா பந்தியில், படம் மேடையில்

கேள்வி: அடுத்த மாதம் இளைய மகளுக்குத் திருமணம். முகூர்த்தம் காலை 7.30 முதல் 9 வரை. முந்தின நாள் மாலை வரவேற்பு. மூத்தவளின் கல்யாண ஆல்பத்தில் என் அக்கா குடும்பமே இல்லை. இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். இம்முறை யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பதில்: புகைப்படக்காரரைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் அக்கா யாரென்றே அவருக்குத் தெரியாதே!

முகூர்த்தம் முடிந்த கையோடு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். தாலி ஏறியதும் மேடைக்கு வரிசை கட்டிவிடும். பாதி உறவு பந்திக்குப் போய்விடும். நான் பார்த்த ஒரு கல்யாணத்தில் பொங்கலில் கை வைத்த சித்தப்பாவை எழுப்பி அழைத்து வந்தார்கள். படத்தில் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி நிற்கிறார்.

ஆகவே பெரும்பாலான படங்களை முந்தின மாலைக்கு மாற்றுங்கள். வரவேற்பு 6.30 என்றால் 5.30க்குத் தொடங்கலாம். உறவினர்களிடம் 5 மணி என்றே சொல்லுங்கள். குழுவுக்கு மூன்று நிமிடம். பன்னிரண்டு குழுவுக்குமேல் பட்டியல் வேண்டாம்.

பட்டியலில் ‘அத்தை குடும்பம்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். அத்தை, மாமா, இரு மகன்கள், மருமகள், பேத்தி, மொத்தம் ஆறு என்று எழுதுங்கள். ஐந்து பேர் நிற்கும்போதே குறை தெரிந்துவிடும். அதை வாசித்துக் கூப்பிட இரு வீட்டிலும் ஒவ்வொருவர் வேண்டும். நீங்கள் வேண்டாம், உங்களை அன்று சமையல்காரரிலிருந்து ஐயர்வரை தேடுவார்கள். கணீர்க் குரலும் கூச்சமில்லாத சுபாவமும் உள்ள அண்ணன் மகள் ஒருத்தி போதும்.

முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் முதலில். கணவரை இழந்த பாட்டி இருந்தால் தானாகவே ஓரம் ஒதுங்கிவிடுவார். நடுவில் நாற்காலி போட்டு அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

கூட்டத்தை அகலக் கோண லென்ஸில் அடக்கினால் ஓரத்தில் நிற்பவர்கள் இழுபட்டுப் பருமனாகத் தெரிவார்கள். புகைப்படக்காரர் பின்னால் தள்ளி நின்று, ஆட்களை இரண்டு வரிசையாக நிறுத்தட்டும். குழுவுக்கு நான்கைந்து படமாவது எடுக்கட்டும், யாராவது கண் சிமிட்டியிருப்பார்கள். மற்றவர்களின் செல்போன்கள் அந்நேரம் பைக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் ஆளுக்கொரு திசையில் பார்ப்பார்கள்.

காலையில் மூன்றே படங்கள்: இரு பக்கப் பெற்றோர், தாய்மாமன், உங்கள் அக்கா குடும்பம். ஹோமப் புகையில் மணமக்களின் கண் சிவந்திருக்கும்; முகம் துடைக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். படத்துக்குப் பிறகுதான் டிபன் என்று அக்காவிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்.