பூமிதான் சுற்றுகிறது என்று எப்படித் தெரியும்?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என வகுப்பில் கேட்டதற்கு, ‘புத்தகத்தில் இருக்கிறதே, அப்புறம் என்ன’ என்று உட்கார வைத்துவிட்டார்களாம். யோசித்துப் பார்த்தால் எனக்கும் பதில் தெரியவில்லை.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அவளை உட்கார வைத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரிய பெரிய வானியலாளர்களே தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்ட கேள்வி அது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் 1543-இல் புத்தகம் வெளியிட்டதும் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. மறுத்தவர்கள் எல்லாம் மதத்துக்காகத்தான் மறுத்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிவிட்டோம், அது பாதிக் கதை. டைக்கோ பிராஹியை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி வருவதற்கு முன் ஐரோப்பாவில் அவர் அளவுக்குத் துல்லியமாக வானத்தை அளந்தவர் இல்லை. பூமி நகர்கிறது என்றால் ஆறு மாத இடைவெளியில் நாம் வேறு வேறு இடத்திலிருந்து விண்மீன்களைப் பார்க்கிறோம், அப்போது அவை கொஞ்சமாவது இடம் மாறித் தெரிய வேண்டுமே என்று அவர் கேட்டார். (கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், விரல் தாவும்.) அவருடைய கருவிகளில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை, அதனால் பூமி அசையவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அன்றைக்குக் கையில் இருந்த ஆதாரத்துக்கு அது நல்ல வாதம்.

1610-இன் கடைசியில் கலிலியோ, வெள்ளியும் நிலவைப் போலவே வளர்ந்து தேய்வதைப் பார்த்தார். முழு வட்டத்தை நெருங்கும்போது அது சின்னதாகவும், பிறையாகும்போது பெரிதாகவும் தெரிந்தது. வெள்ளி சூரியனைச் சுற்றி வந்தால்தான் இப்படித் தெரியும், பூமியை நடுவில் வைத்த தாலமியின் பழைய அமைப்பில் இதற்கு வழியே இல்லை. ‘ஆகவே பூமி சுற்றுவது நிரூபணமாகிவிட்டது’ என்று பாடத்தை இங்கேயே முடித்துவிடுகிறார்கள், அதுதான் தவறு. கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் அவற்றோடு சேர்ந்து பூமியைச் சுற்றுகிறது என்று டைக்கோ ஓர் அமைப்பு சொல்லியிருந்தார், அதிலும் வெள்ளி அப்படியேதான் தெரியும். 1720-களின் இறுதியில் பிராட்லி என்ற வானியலாளர், பூமியின் வேகத்தால் விண்மீன்களின் இடம் ஆண்டு முழுவதும் மிகச் சிறிய அளவில் மாறுவதைக் கண்டார், பூமி நகர்ந்தால்தான் அப்படி மாறும். டைக்கோ தேடிய அந்த இடமாற்றம் 1838-இல்தான் பெசல் என்ற வானியலாளர் கையில் அகப்பட்டது. ஒரு டிகிரியை 3600 பங்காக்கி, அதில் ஒரு பங்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம்!

உங்கள் மகளிடம் விடையைச் சொல்லிவிடாதீர்கள். 1600-இல் நீ இருந்தால் யார் பக்கம் நிற்பாய், ஏன் என்று கேளுங்கள். பிறகு கலிலியோ பார்த்ததைச் சொல்லி மறுபடி கேளுங்கள். அவள் டைக்கோ பக்கம் நின்றாலும் திருத்த வேண்டாம், காரணம் சொல்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது என்று என் மாணவர்கள் எழுதுகிறார்கள். கரும்பலகையில் எத்தனை முறை படம் போட்டாலும் மாறவில்லை.
- அறிவியல் ஆசிரியர், தர்மபுரி

பதில்: படத்தை விடுங்கள், பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். தினசரி காலண்டரில் தேய்பிறை அஷ்டமி என்றைக்கு என்று பார்த்து வையுங்கள். அன்று காலை பிரேயர் நேரத்தில் கிழக்கே சூரியனும் மேற்குப் பக்கம் பாதி நிலவும் ஒன்றாகத் தெரியும். ஆளுக்கொரு பந்தைக் கொடுத்து, வெயிலில் நின்று நிலவுக்கு நேராக நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பந்திலும் அதே பக்கம், அதே பாதி வெளிச்சமாக இருக்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: சூரியன் அங்கே இருக்கிறது, அப்படியானால் பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்? சூரியனுக்கு நேர் எதிரே, அதாவது அந்த நேரத்தில் நம் காலடிக்குக் கீழே. நிலவோ தலைக்கு மேலே. நிழல் கதையை அவர்களே கைவிடுவார்கள். பூமி, கோள்கள் எல்லாவற்றிலும் சூரியனைப் பார்த்த பாதிதான் வெளிச்சம், மறுபாதி தன் நிழலிலேயே இருட்டு என்று ஆரியபட்டர் 499-இலேயே எழுதியிருப்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முன்னாடியே சொன்னால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த நேரம் கிடைக்காது, தெரியும். பருவத்துக்கு ஒன்று நடத்தினாலே போதும்.

கேள்வி: பள்ளிக்குத் தொலைநோக்கி வாங்கப் பணம் சேர்க்கிறோம். எது நல்லது?
- பெற்றோர் ஒருவர், மதுரை

பதில்: முதலில் ஒரு 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) வாங்குங்கள். கை ஆடாமல் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் பெரிய நிலவுகள் புள்ளிகளாகத் தெரியும். கலிலியோ 1610 ஜனவரி 7-இல் மூன்று புள்ளிகளைத்தான் பார்த்தார், விண்மீன்கள் என்றே நினைத்தார், இரவுக்கு இரவு வரைந்ததில்தான் அவை வியாழனை விட்டுப் போகவே இல்லை என்பது புரிந்தது. பிள்ளைகளும் ஒரு வாரம் தேதி, நேரம் போட்டு வரையட்டும், அதுவரை நிலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளியைப் பார்ப்பதானால் சூரியன் முழுதாக மறைந்த பிறகு மட்டும். சூரியன் பக்கம் பைனாகுலரைத் திருப்பவே கூடாது, கண் போய்விடும், பெரியவர் ஒருவர் கூடவே இருங்கள்.