ஆம்ப் சிமுலேட்டரில் நிஜ ஆம்ப்பின் அதே எண்களை வைத்தும் ஒலி ஏன் வேறாக இருக்கிறது?

கேள்வி கேட்டவர் ஒத்திகை அறையில் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்பில் வால்யூம் 4, ட்ரெபிள் 6, பேஸ் 3 என்று வைத்து வாசிக்கிறார். வீட்டில் அதே ஆம்ப்பைக் கணினியில் நகலெடுக்கும் மென்பொருளான ப்ளக்-இன்னில் அதே எண்களை வைத்தால் வேறு ஏதோ ஆம்ப் மாதிரி கேட்கிறதாம். போதாததற்கு, நிஜ ஆம்ப்பில் இல்லாத ‘மிடில்’ நாப் ஒன்று ப்ளக்-இன்னில் இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்றும் கேட்கிறார்.

நான் ஆம்ப் செய்பவன் இல்லை. மென்பொருள் எழுதுகிறேன், சாயங்காலம் கிட்டார் வாசிக்கிறேன். நண்பர் ஒருவரின் டீலக்ஸ் ரிவெர்ப்பை ஒரு மாதம் இரவல் வாங்கி வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்தேன். அதில் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் நாப்பைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். அதற்கு முன்னால் வேறொருவரின் பழைய ஆம்ப்பை வைத்து இரண்டு சாயங்காலம் ட்ரெபிளோடு மல்லுக்கட்டினேன். என்ன செய்தும் சேரவில்லை. கடைசியில் பார்த்தால் நாப்பின் குட்டி ஸ்க்ரூ தளர்ந்து, அது தண்டில் நழுவியிருந்தது. இடக்கோடி வரை திருகினாலும் 3 என்று காட்டியது. எண் என்பது நாப்பின்மேல் அடித்த பெயின்ட். வேலை செய்வது பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக ‘பாட்’: திருகத் திருக மின்தடை மாறும் உறுப்பு. (எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் கேட்டால், எந்த வேலைக்கு என்றாலும் அதன் பெயர் ‘வால்யூம் கன்ட்ரோல்’தான்.)

நாப் சரியாக இருந்தாலும் எண்ணில் இன்னொரு வில்லங்கம் உண்டு. டீலக்ஸ் ரிவெர்ப்பின் நாப்களில் எண் 1-இல் தொடங்கி 10-இல் முடிகிறது, 0 கிடையாது. ப்ளக்-இன்கள் பலவற்றில் 0 முதல் 10 வரை. ஆகவே நிஜ நாப்பின் எண்ணில் 1 கழித்து, 9-ஆல் வகுத்து, 10-ஆல் பெருக்குங்கள். உங்கள் 4, 6, 3 ப்ளக்-இன்னில் ஏறக்குறைய 3.3, 5.6, 2.2 ஆகிவிடும். அற்ப வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் லாக் வகை (முதலில் மெல்லவும் கடைசியில் வேகமாகவும் ஏறுவது, கீழே சொல்கிறேன்) வால்யூமில் 4-க்கும் 3.3-க்கும் நடுவே 3 டெசிபல் இருக்கிறது. சுத்தமான ஒலி உடைந்து கரகரக்கத் தொடங்கும் விளிம்பில் அந்த 3 டெசிபல் நன்றாகவே கேட்கும்.

அடுத்தது இன்புட். என் கணிப்பில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நிஜ ஆம்ப்புக்குள் கிட்டாரின் மின்னழுத்தம் அப்படியே போகிறது. வீட்டில் அது, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் வழியாக எண்ணாக மாறிப் போகிறது, அந்த எண் எத்தனை வோல்ட் என்று ப்ளக்-இன்னுக்குத் தெரியாது. இன்டர்ஃபேஸின் கெயினை (உள்ளே வருவதைப் பெருக்கும் அளவை)க் கொஞ்சம் ஏற்றிவிட்டீர்கள் என்றால், ஆம்ப்புக்கு முன்னால் ஒரு பூஸ்டர் பெடலை மிதித்தது போலத்தான். அதற்கப்புறம் வால்யூம் 4 என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

செய்ய வேண்டியது இது. கிட்டாரை லைன் சாக்கெட்டில் செருகாமல், இன்ஸ்ட்ருமென்ட் என்று போட்டிருக்கும் சாக்கெட்டில் செருகுங்கள். கெயினை அடியோடு குறையுங்கள். இன்டர்ஃபேஸின் கையேட்டில் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டுக்கு ‘அதிகபட்ச அளவு’ என்று ஒரு எண் டிபியு (dBu, மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு) கணக்கில் இருக்கும். சில ப்ளக்-இன்கள் தாங்கள் எந்த அளவை எதிர்பார்க்கிறோம் என்று அதே கணக்கில் சொல்கின்றன. உதாரணத்துக்கு, உங்கள் இன்டர்ஃபேஸ் 12, ப்ளக்-இன் எதிர்பார்ப்பது 18 என்றால், ப்ளக்-இன்னின் இன்புட்டை 6 டெசிபல் குறைக்க வேண்டும். 6 டெசிபல் என்றால் மின்னழுத்தம் இரண்டு மடங்கு. இதைச் சரி செய்யாமல் மற்ற நாப்களைத் திருகுவது வீண் வேலை.

சரி, இப்போது அந்த ‘லாக்’ விஷயம். வால்யூமுக்கு ஃபெண்டர் போட்டது 1 மெகா ஓம் ஆடியோ டேப்பர் பாட், அதாவது லாக் வகை. நடுவில் வைத்தால் பாதி மின்னழுத்தம் வரும் என்று நினைப்போம். ஆடியோ டேப்பரில் நடுவில் 10 முதல் 15 சதவீதம்தான் வரும். 10 என்றே வைத்துக்கொண்டால் அது 20 டெசிபல் இறக்கம். ப்ளக்-இன் எழுதியவர் நாப்பை நேர்கோடாக எழுதியிருந்தால் நடுவில் 6 டெசிபல் இறக்கம்தான். ஒரே நாப், ஒரே இடம், 14 டெசிபல் வித்தியாசம்! வீட்டில் ப்ளக்-இன் சீக்கிரமே கரகரவென்று உடைகிறது என்றால் இதையும் சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது எளிது. 200 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை மிகக் குறைந்த அளவில் ப்ளக்-இன்னுக்குள் விட்டு, வால்யூமைக் கோடியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, வெளியே எத்தனை டெசிபல் இறங்குகிறது என்று மீட்டரில் பாருங்கள். குறைந்த அளவில் என்று சொன்னது, வால்வில் ஒலி உடையத் தொடங்கினால் கணக்கு கெட்டுவிடும் என்பதால். 200 ஹெர்ட்ஸ் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. ரிவெர்ப் உள்ள சேனலில் வால்யூம் பாட்டின் குறுக்கே 47 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது கீச்சென்ற மேல் ஒலிகளை மட்டும் அது தனி வழியில் விட்டுவிடும்.

நீங்களே சிமுலேட்டர் எழுதுகிறீர்கள் என்றால் ஒரு சுலபமான சூத்திரம்: நாப்பின் நிலையை 0 முதல் 1 வரை எடுத்துக்கொண்டு, 81-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, 1 கழித்து, 80-ஆல் வகுங்கள். நடுவில் சரியாக 10 சதவீதம் வரும். நிஜ பாட்கள் இவ்வளவு வழவழப்பாக இருக்காது. மலிவானவற்றில் இரண்டு நேர்கோட்டுத் துண்டுகளை ஒட்டிவைத்து லாக் என்று பெயர் சூட்டியிருப்பார்கள்.

ட்ரெபிளும் பேஸும் வேறு கதை. ஸ்டீரியோ செட்டில் ட்ரெபிளைக் கூட்டினால் ட்ரெபிள் மட்டும் கூடும். கிட்டார் ஆம்ப்பில் அப்படி இல்லை. மூன்று கெப்பாசிட்டர், சில ரெசிஸ்டர், பாட்கள் எல்லாம் ஒரே வலையாகப் பின்னியிருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும். இதைக் கணிதமாக எழுதிக் காட்டியவர்கள் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் யேவும் ஜூலியஸ் ஸ்மித்தும். 2006-இல் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் டோன் பகுதியை எடுத்து, அது ஒரு மூன்றாம் படி ஃபில்டர் என்றும், அதன் குணகங்கள் மூன்று நாப்களையும் சேர்த்தே அமைகின்றன என்றும் எழுதினார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது: ‘எல்லாம் 5-இல் வைத்தால் ஃப்ளாட்’ (எதுவும் கூடாமல் குறையாமல் இருக்கும்) என்பது இங்கே செல்லாது. ஃபெண்டரில் எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் மிடில் பள்ளமாகத்தான் இருக்கும்.

இதிலிருந்து உங்கள் மிடில் நாப்புக்கு விடை வருகிறது. டீலக்ஸ் ரிவெர்ப்பில் மிடில் இல்லை என்று சொல்ல முடியாது, திருகத்தான் முடியாது. அதன் பெரிய அண்ணனான ட்வின் ரிவெர்ப்பில் 10 கிலோ ஓம் மிடில் பாட் இருக்கும் இடத்தில், இதில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். ப்ளக்-இன்னின் மிடில் நேர்கோட்டு வகையாக இருந்தால் 6.8-இல் வைத்துவிட்டுத் தொடாதீர்கள். லாக் வகை என்றால் அந்த மதிப்பு இன்னும் மேலே, 9-ஐ ஒட்டி வரும். சில ப்ளக்-இன்களில் இது சும்மா ஒட்டவைத்த தனி ஈக்வலைசர். அப்படியானால் அது எதையும் கூட்டாமல் குறைக்காமல் இருக்கும் நடு இடமே சரி. எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு குறும்பு வழி இருக்கிறது. மூன்று டோன் நாப்களையும் அடியில் வையுங்கள். ட்வின்னின் சர்க்யூட்டை அப்படியே எழுதியிருந்தால் ஒலி கிட்டத்தட்ட செத்துப்போகும். மந்தமாக ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தால் அது ஈக்வலைசர்.

எண்களை ஒத்துப்போகவே செய்ய முடியாத இடமும் இருக்கிறது. நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற சிமுலேட்டர் மென்பொருள்களில் பலரும் பகிரும் கேப்சர்கள், ஒரு ஆம்ப்பை ஒரே ஒரு நாப் நிலையில் எடுத்த புகைப்படம் மாதிரி. அதில் திரையில் தெரியும் பேஸ், மிடில், ட்ரெபிள் எல்லாம் வெளியே சேர்த்தவை, மூல ஆம்ப்போடு அவற்றுக்கு உறவில்லை. கெம்பர் என்ற ஆம்ப் சிமுலேட்டர் கருவியிலும் முதலில் இதே நிலைதான். 2023-இல் லிக்விட் ப்ரொஃபைலிங் என்று கொண்டுவந்து, மூல ஆம்ப்பின் டோன் பகுதியைப் போல நாப்கள் நடந்துகொள்ளும்படி செய்தார்கள்.

நாப்களைப் ‘புரியும்படி’ திருத்துவது எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் ‘கட்’ நாப்பை ஏற்றினால் ட்ரெபிள் குறையும். குழப்பம்தான். ஆனாலும் அதை அப்படியே விட வேண்டும் என்பேன். வருஷக்கணக்காக அந்த ஆம்ப்பில் வாசித்தவரின் கை தானாகப் போகும் திசை அது.

ஆனால் எந்த மூலத்தோடு ஒப்பிடுகிறோம்? பாட்களில் 20 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பது சகஜம். ஒரே மாதிரி ஆம்ப் இரண்டை அருகருகே வைத்தாலே எண்கள் சேராது. ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில் 1962-வாக்கில் உருவான ஜேடிஎம்45 ஆம்ப், பாஸ்மேனின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. டோன் பகுதியும் அதே அமைப்பு. ஆனால் பாஸ்மேனின் முதல் வால்வு 12ஏஒய்7, அதன் பெருக்கக் காரணி சுமார் 44. மார்ஷல் போட்டது ஈசிசி83, அதற்கு 100. வால்யூம் ஒரே இடத்தில் நின்றாலும் ஒன்று சிணுங்கும், மற்றது உறுமும்.

கடைசியாக ஸ்பீக்கர். நாப் எல்லாம் துல்லியமாகச் சேர்ந்த பிறகும் ‘அதே மாதிரி இல்லையே’ என்று தோன்றும். ஒத்திகை அறையில் நீங்கள் கேட்பது 22 வாட் வால்வு ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர், அறையின் சுவர்கள். ப்ளக்-இன் தருவது அந்த ஸ்பீக்கரின் முகத்தருகே வைத்த மைக் கேட்டது. மைக் ஸ்பீக்கரின் மையத்திலிருந்து இரண்டு விரற்கடை நகர்ந்தாலே ட்ரெபிளை ஒரு எண் திருகிய வித்தியாசம் வரும். போதாக்குறைக்கு வீட்டில் சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்கிறோம். சத்தம் குறைந்தால் காது முதலில் கைவிடுவது பேஸைத்தான். அதை ஈடுகட்ட ஆம்ப்பின் பேஸ் நாப்பைக் கூட்டாதீர்கள், டிஸ்டார்ஷன் சேறாகிவிடும். ப்ளக்-இன்னில் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) பகுதிக்குப் பிறகு ஒரு ஈக்வலைசர் போட்டு அங்கே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒத்திகை அறை ஆம்ப்பைக் கழற்றி பாட் அளக்கலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் நிற்கலாம். அதற்குப் பதிலாக ஒரே மெட்டை ஆம்ப்பில் வால்யூம் 2, 4, 6 என்று மூன்று முறை ஃபோனில் பதிந்துகொண்டு வந்து, எங்கே உடையத் தொடங்குகிறது என்று ப்ளக்-இன்னோடு ஒப்பிடுங்கள். உங்கள் இன்டர்ஃபேஸ் என்ன மாடல், ப்ளக்-இன் எது என்று கருத்தில் எழுதினால், இன்புட் எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.