காணாமல் போனவர் வழக்குகளில் போலீஸ் சரியாகத் தேடவில்லை என்று இணையத் துப்பறிவாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அவர்கள் கைகாட்டும் இடத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு இதைச் சொல்லவில்லை. 2023 ஜனவரி கடைசியில் தொடங்கி மூன்று வாரம் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தனாக இருந்தேன்.

அப்போது இங்கிலாந்தின் வடமேற்கில், பிரஸ்டனில் குடியிருந்தோம். அங்கிருந்து காரில் அரை மணி நேரத்தில் செயின்ட் மைக்கேல்ஸ் ஆன் வயர் என்று ஒரு சின்னக் கிராமம். வயர் என்பது அங்கே ஓடும் ஆறு. ஜனவரி 27, வெள்ளிக்கிழமை காலை, 45 வயதுப் பெண்மணி ஒருவர் தன் இரண்டு மகள்களையும் பள்ளியில் விட்டுவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் நடக்கப் போனார். 9:01 மணிக்குப் போன் வழியாக அலுவலகக் கூட்டத்தில் சேர்ந்தார். 9:10 வாக்கில் ஒருவர் அவரைப் பார்த்திருக்கிறார். 9:33 வாக்கில் இன்னொருவர் அந்தப் பக்கம் வந்தபோது ஆற்றங்கரை பெஞ்சில் போன் கிடக்கிறது, கூட்டம் முடிந்தும் அழைப்பு துண்டிக்கப்படாமல் இருக்கிறது. நாயின் பட்டை கீழே கிடக்கிறது, நாய் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆளைக் காணோம்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். அந்தப் பெண் குழந்தைகள் வளர்ந்து என்றைக்காவது தேடும்போது வந்து விழும் ஆயிரம் பக்கங்களோடு இதுவும் ஒன்றாக வேண்டாம் என்றுதான்.

லங்காஷயர் போலீஸ் ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 3 அன்று, தங்கள் முதன்மையான அனுமானத்தை வெளியே சொல்லிவிட்டது: அவர் ஆற்றில் விழுந்திருக்க வேண்டும், வேறு யாரும் சம்பந்தப்பட்டதாகத் தெரியவில்லை. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்களுக்கு என்றால், வாட்ஸ்அப் குழுவில் இருந்த நாலைந்து நண்பர்களுக்கும் டிக்டாக்கில் இருந்த கோடிக்கணக்கானவர்களுக்கும். கோடி என்பது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. அந்த மாதம் 23ஆம் தேதிக்குள் அவர் பெயரிலான ஹேஷ்டேக் டிக்டாக்கில் 27 கோடி முறை பார்க்கப்பட்டிருந்தது.

நான் எக்செல்லில் ஒரு கால அட்டவணை போட்டேன். 8:43க்கு ஆற்றோரப் பாதை, 8:53க்கு மேலாளருக்கு மின்னஞ்சல், 8:59க்குத் தோழிக்குக் குறுஞ்செய்தி, 9:01, 9:10, 9:20, 9:33. 9:10க்குப் பிறகு வந்த கட்டங்களுக்கு மஞ்சள் வண்ணம் அடித்து அதில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். அலுவலகத்தில் நான் செய்யும் வேலையே இதுதான், எந்த லாரி எப்போது எங்கே நின்றது என்று பார்ப்பது. அதனால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு இடிக்கிறது என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள்.

குழுவில் தினமும் ஒரு புதுச் சந்தேகம் வரும். நாய் ஏன் நனையவில்லை? போனைப் பெஞ்சில் யாராவது கொண்டுவந்து வைத்தார்களா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பாழடைந்த வீட்டைச் சோதித்தார்களா? ஒரு ராத்திரி அம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அம்மாவுக்குக் கும்பகோணம், காவிரிக் கரையில் வளர்ந்தவர். "ஏன்டா, ஆத்தங்கரையில நாய் நிக்குது, ஆளக் காணோம்னா ஆத்துலதானடா தேடணும்" என்றார். "அவ்ளோ சிம்பிள் இல்லம்மா" என்று சொல்லி வைத்தேன். அப்படிச் சொன்னதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஒரு சனிக்கிழமை, பிப்ரவரி 11, நானும் ஒரு நண்பரும் அங்கே போனோம். "உதவத்தான்" என்று வீட்டில் சொன்னேன். மனைவி ஒன்றும் பேசாமல் பார்த்த பார்வையிலேயே அது என்ன உதவி என்று புரிந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் போலீஸ் அங்கே கூட்டம் கலைக்கும் உத்தரவு போட்டிருந்தது. படம் எடுக்க வந்தவர்கள் ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு அடுத்தவர் தோட்டத்துக்குள் நுழைந்ததாகச் செய்திகளில் வந்துகொண்டிருந்தது. ஊர்க் கவுன்சிலர்களுக்கு வசை மின்னஞ்சல்கள் வந்ததால் தொடர்பு விவரங்களையே இணையத்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. நேரலை செய்ய வந்த ஒருவரைக் கைது செய்து 90 பவுண்டு அபராதம் போட்டார்கள். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லையே என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பாலத்தில் மஞ்சள் ரிப்பன்கள் கட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஏதோ எழுதியிருந்தது. நண்பர் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். நாயோடு வந்த வயதான அம்மா ஒருவர் நின்று, கோபமே இல்லாமல், "நீங்களும் படம் எடுக்கத்தான் வந்தீர்களா?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிட்டோம். ஆற்றைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கரை எவ்வளவு செங்குத்து என்று அன்றைக்கு எட்டிப் பார்த்திருந்தாலே என் எக்செல்லில் பாதி அழிந்திருக்கும்.

பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சிலிருந்து ஆற்றின் போக்கில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி நாணல் அருகே உடல் கிடைத்தது. கண்டது போலீஸ் இல்லை, அந்த வழியாகப் போனவர்கள். குழு கொதித்தது. "மூணு வாரம் தேடியும் கிடைக்கல, நடந்து போனவனுக்குக் கிடைக்குது! அப்பவே சொன்னோமே!" என்ன சொன்னோம்? ஆற்றில் இல்லை என்றுதானே சொன்னோம். இதை ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

ஜூன் கடைசியில் பிரஸ்டனில் மரண விசாரணை நடந்தது. விசாரித்த அதிகாரி டாக்டர் ஜேம்ஸ் அடெலி. குளிர்நீரில் உடல் என்ன ஆகும் என்பதில் நிபுணரான ஒரு பேராசிரியர் வந்து விளக்கினார். அன்றைக்குத் தண்ணீர் 4 டிகிரிக்குப் பக்கம். அந்தக் குளிரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக மூச்சை இழுக்கும், அடக்க முடியாது. தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அப்படி ஒன்றிரண்டு மூச்சு இழுத்தாலே போதும். கத்த நேரம் இருக்காது, நீச்சல் தெரிந்தும் பயனில்லை. தண்ணீர் அவ்வளவு குளிராக இருந்தால் உடல் சீக்கிரம் மேலே வராது என்பதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அழுகும்போது உண்டாகும் வாயுதான் உடலைத் தூக்கும், குளிரில் அது மெதுவாக நடக்கும். நம் ஊரில் "மூணாம் நாள் மிதக்கும்" என்பார்களே, அது நம் ஊர்த் தண்ணீருக்கான கணக்கு. விபத்தாக மூழ்கி இறந்தார், வேறு யாருக்கும் பங்கில்லை என்று தீர்ப்பானது. முதல் வாரத்தில் போலீஸ் சொன்னதும் அம்மா சொன்னதும் அதுதான்.

சரி, அப்போது போலீஸ் மேல் தப்பே இல்லையா? இருந்தது, பெரிய தப்பு. ஆனால் நாங்கள் மூன்று வாரம் குறை சொன்ன தேடலில் இல்லை.

காணாமல் போன செய்தி வந்த உடனேயே அவரை அதிக ஆபத்தில் இருப்பவர் என்று போலீஸ் வகைப்படுத்தியது. ஏன் என்று சொல்லவில்லை. சொல்லக் கூடாததாகவும் இருந்தது, அது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். ஆனால் வெளியே இருந்து பார்த்த எங்களுக்கு, ஒரு பெண்ணைத் தேட ஹெலிகாப்டர், நீர்மூழ்கும் படை, அன்று அந்த ஊர் வழியாகப் போன எழுநூறு வாகனங்களின் ஓட்டுநர்களிடம் விசாரணை என்று இவ்வளவு பெரிய ஏற்பாட்டைப் பார்த்ததும், "ஏதோ மறைக்கிறார்கள்" என்று தோன்றியது. மறைக்கத்தான் செய்தார்கள். அதற்கு நியாயமான காரணம் இருக்கலாம் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவே இல்லை. செய்தியில் வந்தது எங்களுக்குத் தெரியும், அதனால் எல்லாமே எங்களுக்குத் தெரியும். இப்படித்தான் ஓடியது புத்தி. என் அட்டவணையில் இருந்த வெற்றுக் கட்டங்கள் எனக்குத் தெரியாதவை மட்டுமே. அவற்றைப் போலீஸ் செய்யாதவை என்று படித்தேன்.

பிறகு பிப்ரவரி 15 அன்று போலீஸ் செய்தியாளர்களைக் கூட்டியது. டிக்டாக்கில் துப்பறிகிறவர்களால் வேலை கெடுகிறது என்று விசாரணை அதிகாரி வருத்தப்பட்டார், நியாயமான வருத்தம்தான். கூடவே, காணாமல் போனவருக்குச் சில "பலவீனங்கள்" இருந்தன என்று ஒரு வார்த்தையை விட்டார். அது என்ன என்று எல்லோரும் கேட்க, அன்று மாலையே அவருடைய உடல்நலம் பற்றிய அந்தரங்க விவரங்களை அறிக்கையாகவே வெளியிட்டுவிட்டார்கள். நான் அதை இங்கே திருப்பிச் சொல்லவில்லை. உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிரேவர்மன் விளக்கம் கேட்டார், பிரதமர் ரிஷி சுனக்கும் கவலை தெரிவித்தார். மூன்று வாரம் தேவையான அளவுக்குப் பேசாமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் பேசக் கூடாததைப் பேசியது போலீஸ்.

அந்த ஆண்டு நவம்பரில், போலீஸ் வேலைக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இங்கிலாந்தின் காவல் கல்லூரி, லங்காஷயர் போலீஸின் செயல்பாட்டை ஆராய்ந்து 17 பரிந்துரைகளோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த வழக்கைப் பற்றி யாராவது வாதாடினால் முதலில் அதைப் படிக்கச் சொல்வேன். விசாரணையும் தேடலும் நன்றாகவே நடந்தன என்கிறது. அந்தரங்கத் தகவலை வெளியிட்டது தவிர்த்திருக்கக்கூடியது, தேவையற்றது என்கிறது. காவல்துறை மீதான மக்கள் நம்பிக்கையையே பாதிக்கக்கூடிய நிகழ்வுகளை அங்கே தனி வகையாக அறிவித்து மேலதிகாரிகள் கவனிப்பார்கள். இந்த வழக்கை அப்படி அறிவிக்காமல் விட்டது தவறு என்கிறது. பத்திரிகையாளர்களுக்கு வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு பின்னணியைச் சொல்லியிருக்கலாம், அந்த உறவே கெட்டுப்போயிருந்தது என்றும் சொல்கிறது. போலீஸ் விட்ட வெற்றிடத்தை நாங்கள் நிரப்பினோம், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த ஒரு டிக்டாக்கரையும் நான் பார்க்கவில்லை. அறிக்கை வந்தபோது எங்கள் குழுவில் ஒரே ஒருவர் அதன் சுட்டியைப் பகிர்ந்தார். ஒரு கட்டைவிரல் விழுந்தது. அதுவும் நான் போட்டது.

இணையத்தில் இருப்பவர்களால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2021இல் அமெரிக்காவில் வேனில் ஊர் சுற்றிய 22 வயதுப் பெண் காணாமல் போனபோது, பயணக் காணொளி போடும் ஒரு தம்பதி தங்கள் வண்டிக் கேமராப் பதிவில் அந்த வேன் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா பக்கம் ஒரு காட்டுச் சாலையோரம் நின்றதைக் கவனித்துச் சொன்னார்கள். செப்டம்பர் 19 அன்று அதே பகுதியில்தான் உடல் கிடைத்தது. அந்த வழக்கில் போலீஸைக் குறை சொன்னவர்களும் தோற்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால் மோவாப் ஊரில் அந்த வேனை மறித்து விசாரித்த காவலர்கள் தவறு செய்தார்கள் என்று அடுத்த ஜனவரியில் தனி விசாரணையே சொன்னது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தம்பதி கொடுத்தது தங்கள் கேமராவில் பதிந்ததை. நான் எக்செல்லில் போட்டது எனக்குத் தோன்றியதை.

தோன்றியதைச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் செசில் ஹோட்டல் வழக்கு இருக்கிறது. கனடா மாணவி ஒருவரின் உடல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. தொட்டி மூடி மூடியிருந்ததாம், உள்ளே விழுந்தவர் எப்படி மூடுவார், அதனால் கொலை என்று வருடக்கணக்கில் எழுதினார்கள். பார்க்கப் போனபோது மூடி திறந்துதான் இருந்தது என்று உடலைக் கண்ட ஹோட்டல் ஊழியரே பிறகு சாட்சி சொன்னார். அதற்குள், ஓராண்டு முன்னால் அதே ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு மெக்ஸிகோ இசைக்கலைஞரைக் கொலைகாரன் என்று முத்திரை குத்திப் படாதபாடு படுத்திவிட்டார்கள். சம்பவத்தின்போது அவர் அந்த நாட்டிலேயே இல்லை.

எங்கள் நண்பரும் நானும் யாரையும் அப்படிப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டவில்லை. குழுவில் மட்டும் பேசினோம். அந்த வீட்டுக்காரர் மேல், குடும்பத்தார் மேல் எல்லாம் சந்தேகம் கிளப்பினோம். அவர்கள் காதுக்கு அது போகவில்லை என்பது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

இப்போது மான்செஸ்டர் பக்கம் வந்துவிட்டோம். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் அந்த நண்பரைப் பார்த்தேன். பேச்சு அங்கே போனதும் தண்ணீரின் வெப்பநிலை, கரையின் சரிவு, காவல் கல்லூரி அறிக்கை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். சாப்பிட்டுக் கை கழுவும்போது என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரி மச்சான், அந்த நாய் ஏன் நனையல?" என்றார்.