மகள் நகராட்சி ஆணையர் ஆக ஆசைப்படுகிறாள், கவுன்சிலர்களைச் சமாளிப்பாளா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் பி.காம். இறுதியாண்டு படிக்கிறாள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதி நகராட்சி ஆணையர் ஆக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். "படித்துப் பாஸ் பண்ணிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதிர்ந்து பேசத் தெரியாதவள். சேர்மன், கவுன்சிலர், கட்சிக்காரர்கள் என்று தினமும் மல்லுக்கட்டுகிற வேலையாமே? பேசாமல் பேங்க் பரீட்சை எழுதச் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அம்மா, வேண்டாம். அவளுக்கே பேங்க் வேலையில் விருப்பம் இருந்தால் எழுதட்டும். இந்த ஒரு பயத்துக்காக மட்டும் பாதையை மாற்றாதீர்கள். நீங்கள் குறையாக நினைக்கிற அந்த அமைதியான சுபாவம் இந்த வேலைக்கு எவ்வளவு தேவை என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப் போகிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். நகராட்சியில் இரண்டு பக்கம் உண்டு. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நகர்மன்றம் ஒரு பக்கம். அதற்குக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்த தலைவர் இருப்பார். மன்றத்தின் தீர்மானங்களைச் செயல்படுத்தும் நிர்வாகம் இன்னொரு பக்கம். அதன் தலைமை ஆணையர். பொறியாளர், துப்புரவு ஆய்வாளர், நகரமைப்பு ஆய்வாளர், பில் கலெக்டர் எல்லோரும் அவருக்குக் கீழே. எந்தத் தெருவுக்கு முதலில் சாலை என்று முடிவெடுப்பது மன்றம். அதற்கு நிதி இருக்கிறதா, சட்டம் இடம் கொடுக்கிறதா, டெண்டர் ஒழுங்காக நடந்ததா என்று பார்த்து வேலையை முடிப்பது ஆணையர். ஆணையர் மன்றத்துக்கு மேலதிகாரியும் இல்லை, தலைவருக்கு உதவியாளரும் இல்லை. பிள்ளைகள் பலர் இந்த இடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலே தேர்வு எழுதுகிறார்கள்.

சண்டை எங்கிருந்து வருகிறது? கூட்டத்துக்கு முன்பு கவுன்சிலர்கள் கைக்கு நிகழ்ச்சி நிரல் வரும். ஒரு கவுன்சிலர் அதைப் புரட்டுகிறார். பக்கத்து வார்டுக்கு மழைநீர் வடிகால், எதிர் வார்டுக்குத் தார்ச்சாலை, தன் வார்டுக்கு ஒன்றும் இல்லை. ஆறு மாதமாக மனு கொடுத்துக்கொண்டிருப்பவர் அவர். காலையில் டீக்கடையில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், "உன்னைத் தேர்ந்தெடுத்து என்ன பிரயோஜனம்?" என்று. கூட்டத்தில் எழுந்து மேஜையைத் தட்டுகிறார், வெளிநடப்பு செய்கிறார். மறுநாள் பேப்பரில் "நகர்மன்றக் கூட்டத்தில் அமளி". இதைத்தான் நீங்கள் டி.வி.யில் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள்.

அதே ஆணையர் இரண்டு நாள் முன்பே அந்தக் கவுன்சிலரைக் கூப்பிட்டு, "உங்கள் வடிகாலுக்கு எஸ்டிமேட் போட்டாயிற்று. இந்தத் தலைப்பில் நிதி தீர்ந்துவிட்டது. அடுத்த ஒதுக்கீட்டில் முதலில் வைக்கிறேன். எஸ்டிமேட் நகல் இதோ, உங்கள் மக்களிடம் காட்டுங்கள்" என்று சொல்லியிருந்தால்? அவர் கூட்டத்தில் பேசத்தான் செய்வார், பேச வேண்டும், அதற்குத்தான் மக்கள் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் ஆணையர் தன்னை மறைத்து வேலை செய்கிறார் என்ற கோபம் அதில் இருக்காது. டீக்கடையில் சொல்ல அவரிடம் ஒரு பதில் இருக்கும். இந்தப் போன் ஆளுங்கட்சிக் கவுன்சிலருக்கு மட்டும் போய், எதிர்க்கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும் போகாவிட்டால் அந்த ஊரில் ஆணையர் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

இந்த வேலைக்கு உரத்த குரல் எதற்கு? சொன்னதைக் குறித்துக்கொள்கிற பழக்கமும், சொன்ன தேதியில் திரும்பக் கூப்பிடுகிற பழக்கமும்தான் வேண்டும். முடியாததை முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடவும் தெரிய வேண்டும். உங்கள் மகளிடம் இவை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். எலெக்ட்ரிக் பில், கேஸ் புக்கிங், தாத்தாவின் மாத்திரை என்று எதையாவது அவள் பொறுப்பில் விட்டால் மறக்காமல் செய்கிறாளா? அவள் பேச்சுத்திறனைவிட இது எனக்கு முக்கியமான தகவல்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அவள் வேலைக்குப் போகும் மன்றத்தில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள். பல ஊர்களில் கவுன்சிலர் ஒருவர், பேசுகிறவர் அவர் கணவர். அதிகாரிகளும் வசதிக்காகக் கணவரின் நம்பரையே போனில் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். ஓட்டு வாங்கியவர் அந்தப் பெண். ஆய்வுக்குப் போகும்போது அவரை அழைத்துப் போவதும், அவருடைய எண்ணுக்கே போன் செய்வதும், கோப்பை அவர் கையில் கொடுத்து விளக்குவதும் ஆணையரின் கடமை. ஒரு பெண் ஆணையர் இதைச் செய்தால் முதல் முறை கவுன்சிலரான பெண்களுக்கு எவ்வளவு தைரியம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

மக்களோடு உறவு என்றால் மனு வாங்குவது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சென்னைக்குப் பக்கத்தில் தனி நகராட்சியாக இருந்தபோது ஆலந்தூர் செய்ததை என்னிடம் வரும் எல்லா மாணவர்களுக்கும் சொல்வேன். 1990களில் அந்த ஊரில் பாதாளச் சாக்கடை கிடையாது; வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். 1996 தேர்தலில் நகராட்சித் தலைவரான ஆர்.எஸ். பாரதி அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தார். நகராட்சியிடம் பணம் இல்லை. குடியிருப்போரே பங்கு போட்டால்தான் நடக்கும் என்ற நிலை. ஒரு வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை. அன்றைக்கு நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. கட்டுகிற நாளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. மக்களுக்குக் கட்டச் சம்மதமா என்று முதலில் கணக்கெடுப்பு நடத்தினார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். மக்களின் வைப்புத்தொகையோடு தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் சேர்ந்தது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி இயக்கினார்கள். 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் நகர நிர்வாகம் படிப்பவர்கள் படிக்கிற பாடம் இது.

இதில் தலைவரின் பங்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் இப்படி ஒரு திட்டத்தில் கட்டிய பணத்துக்கு ரசீது, அதற்குக் கணக்கு, எந்தத் தெருவில் எப்போது குழி தோண்டுவார்கள், தோண்டிய குழியை எப்போது மூடுவார்கள் என்பதெல்லாம் அலுவலர்கள் கையில் இருக்கிறது. முதல் தெருவில் தோண்டிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மூடாமல் விட்டால் அடுத்த தெருவில் யாரும் பணம் கட்டமாட்டார்கள். தலைவர் மேடையில் கொடுத்த வாக்கைத் தெருவில் காப்பாற்றுவது அதிகாரி. உங்கள் மகள் ஆசைப்படுகிற நாற்காலி அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளாட்சி என்றால் நம் ஊரில் சாதியைத் தவிர்த்துப் பேச முடியாது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு காலம் அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனு போட ஆள் இருக்காது. போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் அந்தக் கிராமங்களுக்குப் போய் எல்லாத் தரப்பு மக்களிடமும் பேசி, தேர்தலை நடத்திக் காட்டினார். தலைவர்கள் பதவியேற்றார்கள். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்ட கிராம சபைக் கூட்டம் அதே பாப்பாபட்டியில்தான் நடந்தது. போலீஸ் பாதுகாப்பு மட்டும் போதும் என்றால் அந்தத் தேர்தல் பத்து வருஷம் முன்னாலேயே நடந்திருக்கும். மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிற பொறுமையும், சட்டத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காத உறுதியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியிருந்தது. உங்கள் மகள் எந்த ஊருக்குப் போனாலும் சிறிய அளவில் இந்தச் சோதனை வரும். காலனிக்குக் குழாய் போகாததற்கு ஏதாவது ஒரு தொழில்நுட்பக் காரணம் கோப்பில் எழுதியிருப்பார்கள். அவள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அரசுக்கும் மன்றத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற நாள்களும் உண்டு, மறைக்கமாட்டேன். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. கவுன்சிலர்கள் மார்ச் தொடக்கத்தில் பதவியேற்றார்கள். ஏப்ரல் முதல் தேதி அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. கட்டடத்தின் அளவையும் ஊரையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை. 15ஆவது நிதிக்குழுவின் மானியம் வர வேண்டும் என்றால் சொத்து வரியைச் சீரமைத்தாக வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போய் வந்த கால் வலி தீராத கவுன்சிலர், அந்த வீடுகளுக்கே வரியைக் கூட்டித் தீர்மானம் போட வேண்டும். அந்தச் சமயத்தில் ஆணையர் செய்யக்கூடிய உபகாரம் ஒன்றுதான். வார்டில் எத்தனை வீடு எந்த அளவில் இருக்கிறது, ஒரு சின்ன வீட்டுக்கு அரையாண்டுக்கு எத்தனை ரூபாய் கூடும், வரியை உயர்த்தாவிட்டால் எந்த மானியம் நிற்கும் என்று எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பது. கணக்குப் படித்த பெண்ணுக்கு இது கைவந்த வேலை.

முறைகேடாக அழுத்தம் கொடுத்தால் என்ன செய்வாள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். டெண்டரிலும் கட்டட அனுமதியிலும் அழுத்தம் வரத்தான் செய்யும். வாய்மொழியாக வருவதை எழுத்தில் கேட்க வேண்டும். "எழுதிக் கொடுங்கள், கோப்பில் வைத்துப் பரிசீலிக்கிறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் பாதிக் கோரிக்கைகள் அங்கேயே நின்றுவிடும். மீதிக்குச் சட்டப் பிரிவைக் காட்டி எழுத்தில் பதில். தணிக்கை ஆட்சேபணை வரும்போது கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லிக் கையெழுத்து வாங்கியவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார். இடமாற்றம் வரலாம், சில சமயம் நேர்மையாக இருந்ததற்காகவே வரும். அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும். அந்த நாளில் "அனுசரித்துப் போயிருக்கலாமே" என்று நீங்கள் சொல்லாமல் இருந்தால் அதுவே அவளுக்குப் பெரிய பலம்.

சில அதிகாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலம்தான் நிம்மதி என்று சொல்வார்கள். 2016 முதல் நகர்ப்புறங்களில் 2022 வரை தனி அலுவலர்கள்தான் நிர்வாகத்தை நடத்தினார்கள். கோப்புகள் வேகமாக நகர்ந்திருக்கலாம். ஆனால் மூன்றாவது குறுக்குத் தெருவில் குடிநீரோடு சாக்கடை கலக்கிறது என்று காலை ஆறு மணிக்குப் போன் செய்யக் கவுன்சிலர் இல்லாத ஊரில் ஆணையருக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? நவம்பர் மழையில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது அந்த வார்டுக்காரருக்குத்தான் தெரியும். கவுன்சிலரைத் தொந்தரவாக நினைக்கிற பிள்ளைக்கு இந்த வேலை வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

இனி நடைமுறை. குரூப் 2இல் வருவது இரண்டாம் நிலை நகராட்சி ஆணையர் பதவி. எல்லா அறிவிக்கையிலும் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் எண்ணிக்கை குறைவு. ஆகவே அந்த ஒரே பதவியில் மனதைக் கட்டிவைக்க வேண்டாம். குரூப் 1இல் ஊரக வளர்ச்சித் துறை உதவி இயக்குநர் பதவி இருக்கிறது. ஊராட்சித் தலைவர்களோடும் ஒன்றியங்களோடும் நேரடியாக வேலை. பெரிய மாநகராட்சிகளின் ஆணையர்கள் பொதுவாக ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். கிராம நிர்வாக அலுவலர் பதவியை ஊராட்சி வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது வருவாய்த் துறை. தேர்வு தள்ளிப்போனால் மேற்படிப்புக்கு உங்கள் மாவட்டத்திலேயே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரக வளர்ச்சி படிக்க அதைவிட நல்ல இடத்தை நான் தேடமாட்டேன்.

படிப்போடு சேர்த்து ஒரு பயிற்சி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவளும் அந்தச் சபையின் உறுப்பினர்தான். நகரத்தில் இருந்தால் வார்டில் நடக்கும் பகுதி சபைக்குப் போகலாம். முதல் கூட்டத்தில் பேச வேண்டாம். யார் எதைக் கேட்டார்கள், தலைவர் என்ன பதில் சொன்னார், அதிகாரி என்ன பதில் சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு எவையெல்லாம் நடந்தன என்று பார்க்கட்டும். நடக்காத ஒன்றைப் பற்றி எழுந்து ஒரு கேள்வி கேட்கட்டும். கூட்டத்துக்கு நீங்களும் கூடப் போங்கள் அம்மா, ஆனால் அவளுக்காக நீங்கள் கேட்டுவிடாதீர்கள். இரண்டு கூட்டம் முடிந்ததும் அந்த நோட்டோடு அவளை என்னிடம் அனுப்புங்கள்.