விமானி உறங்கப் போனால் விமானத்தை யார் பார்ப்பது?

கொக்குவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “மகளின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் ரொறன்ரோ போகிறேன், விமானம் ஏறுவது இதுவே முதல் தடவை. கட்டுநாயக்காவிலிருந்து துபாய், அங்கிருந்து ரொறன்ரோ. இரண்டாவது பறப்பு ஏறக்குறைய பதினான்கு மணித்தியாலம். இடையில் விமானிகள் நித்திரைக்குப் போவார்கள் என்று மருமகன் சொன்ன நாள் முதல் மனம் நிலைகொள்ளவில்லை. இது உண்மையா? இரவுப் பறப்பைத் தவிர்த்துப் பயணச்சீட்டை மாற்றலாமா?”

உங்கள் மருமகன் சொன்னது உண்மை. ஆயினும் அதற்காகப் பயணச்சீட்டை மாற்ற வேண்டியதில்லை. பல ஆண்டுகள் நெடுந்தூர விமானங்களை ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முறைப்படி படுத்து உறங்கி எழுந்து வரும் விமானியால் பயணிக்கு நன்மையே உண்டு. களைப்பு மேலிட்டும் படுக்க இடமோ மாற்று ஆளோ இல்லாமல் கண்ணை வலிந்து திறந்து வைத்திருப்பவரைப் பற்றித்தான் நாங்கள் கவலைப்படுவோம்.

அவ்வளவு நீண்ட பறப்பில் வழக்கமாக நான்கு விமானிகள் இருப்பார்கள். விமானம் மேலெழுந்து சீரான உயரத்தை அடைந்ததும் இருவர் ஓய்வுக்குச் செல்ல, மற்ற இருவர் ஆசனங்களில் இருப்பார்கள்; பாதி வழியில் இவர்கள் மாறிக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஐந்து மணித்தியாலம் அளவுக்கு ஓய்வு கிடைக்கும். விமானத்தைத் தரையிறக்கப் போகிறவருக்குப் பணி நேரத்தின் பிற்பாதியில் தொடர்ச்சியாக இரண்டு மணித்தியால ஓய்வு வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதியே சொல்கிறது. மூன்று விமானிகள் இருந்தால் 13 மணித்தியாலம் வரையும், நால்வர் இருந்தால் 17 மணித்தியாலம் வரையும் பறக்கலாம் என்பதும் 2014இல் நடைமுறைக்கு வந்த அதே விதித்தொகுதியில் உள்ளது. மற்ற நாடுகளின் எண்கள் சற்று வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான்.

நான் ஓட்டிய விமானத்தில் ஓய்வறை பயணிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி இருந்தது. ஆள் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய கதவைத் திறந்து செங்குத்தான படிகளில் ஏறினால் இரண்டு படுக்கைகள். நிமிர்ந்து நிற்க முடியாது. போர்வைக்கு மேலால் பட்டியை இறுக்கிக்கொண்டு படுப்போம். காற்று மிகவும் உலர்ந்திருப்பதால் தொண்டை வறண்டு இடையில் விழிப்பு வரும். வீட்டு நித்திரை போல அது ஒருபோதும் ஆழமாக இராது. முறை முடிந்ததும் உள்தொலைபேசி ஒலிக்கும். உடனே ஓடிப்போய் ஆசனத்தில் அமர மாட்டோம். முகம் கழுவி, ஒரு கோப்பி குடித்து, பின் ஆசனத்திலிருந்து வானிலையையும் எரிபொருளையும் கேட்டு அறிந்து, மூளை தெளிந்த பிறகே கைமாற்றிக்கொள்வோம்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் உண்டு. ஆழ்ந்த நித்திரையிலிருந்து திடீரென எழுந்தவருக்குப் பதினைந்து, இருபது நிமிடங்களுக்குத் தீர்மானம் மந்தமாக இருக்கும். 2011 ஜனவரியில் ரொறன்ரோவிலிருந்து சூரிச் சென்ற எயார் கனடா விமானத்தில், ஆசனத்திலேயே 75 நிமிடங்கள் உறங்கி எழுந்த துணை விமானி, வெள்ளிக் கிரகத்தை எதிரே வரும் விமானம் என்று எண்ணினார்; பின்னர் உண்மையாகவே எதிரே, ஆனால் ஆயிரம் அடி கீழே வந்த விமானத்தைக் கண்டு மோதப் போகிறோம் என்று பயந்து தம் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளினார். பதினாறு பேர் காயமடைந்தனர். நாற்பது நிமிடங்களுக்கு மேல் உறங்கக்கூடாது என்ற விதி அங்கே பின்பற்றப்படவில்லை. ஆசனத்தில் உறங்கும் இந்தக் குட்டித் தூக்கத்தை அமெரிக்கா அனுமதிப்பதில்லை. பல நாடுகள் கடுமையான நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. 1994இல் வெளியான நாசா ஆய்வில், நாற்பது நிமிட வாய்ப்பில் சராசரியாக 26 நிமிடங்கள் உறங்கிய விமானிகள் அதன் பிறகு தெளிவாக விழிப்புடன் இருந்தனர். எனவே அளவோடு செய்தால் அது பயன் தருவதே.

நீங்கள் அஞ்சும் பதினான்கு மணித்தியாலத்தை விட, கட்டுநாயக்காவிலிருந்து துபாய் வரையான நான்கைந்து மணித்தியாலமே ஒரு விமானிக்குக் கடினமானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதில் இருவர் மட்டுமே இருப்பார்கள், படுக்கை இல்லை, அதிகாலையில் புறப்பட்டால் உடல் மிகவும் சோரும் 2 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட வேளை அதற்குள் வந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த வேளை தெரியும். புத்தளம் தாண்டும்போது சாரதியின் கண்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருபவர்கள் எத்தனை பேர்! 2010 மே 22இல் துபாயிலிருந்து மங்களூர் சென்ற விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தது இத்தகைய இரவுப் பறப்பின் முடிவில்தான். தலைமை விமானி வழியில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் உறங்கியிருந்தார். “மீண்டும் மேலெழும்புங்கள்” என்று துணை விமானி பலமுறை சொல்லியும் அவர் கேட்கவில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பணி நேர வரம்புகளும், களைப்பாக இருக்கிறேன் என்று சொல்லி ஒரு விமானி பணியை மறுக்கும் உரிமையும் இத்தகைய உயிரிழப்புகளுக்குப் பின்னரே இறுக்கமாகின. அந்த உரிமையைப் பயன்படுத்தியவரை எந்த நிறுவனமும் தண்டிக்கக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

பகல் பறப்பாகத் தேடுவதில் பயன் குறைவு. துபாயில் காலையில் புறப்படும் விமானத்தின் விமானி இரண்டு நாட்களுக்கு முன் வேறொரு கண்டத்தில் இருந்திருக்கலாம். அவருடைய உடலின் கடிகாரம் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அமர்ந்திருக்கும் நேரமெல்லாம், உறங்கும்போதும், ஆசனப்பட்டியைப் போர்வைக்கு மேலே தெரியும்படி பூட்டியிருங்கள். நான் சொன்ன ரொறன்ரோ விமானத்தில் பட்டிக்கான விளக்கு எரிந்தும் பலர் பூட்டியிருக்கவில்லை. காயப்பட்டவர்களில் பெரும்பாலோர் அவர்களே. நடுவழியில் சீருடை அணிந்த ஒருவர் விமானியறையிலிருந்து வெளியே வந்து ஒரு சிறு கதவுக்குள் போனால் பதற வேண்டாம். விமானியறைக்குள் இருவர் இருக்கிறார்கள்.

உங்கள் உடலையும் கவனியுங்கள். இரவு பஸ்ஸில் இறங்கி அன்றே விமானம் ஏறாமல், ஒரு நாள் முன்னதாகக் கொழும்புக்கோ நீர்கொழும்புக்கோ போய் ஓர் இரவு நன்றாக உறங்கிவிட்டுப் புறப்படுங்கள்.