வயலில் கிளம்பும் தோட்டா உறைகள்: டிடெக்டர்காரரை நிலத்தில் இறக்கலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப்போர்க்கால விமானத்தளம் ஒன்றை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. உழும்போதெல்லாம் தோட்டா உறை, பித்தளை பட்டன், தகரப் பெட்டி என்று ஏதாவது மேலே வருகிறது. மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கும் ஒருவர், "தோண்டித் தருகிறேன், பாதிக்குப் பாதி, பேப்பர் எதுவும் வேண்டாம்" என்கிறார். சொந்த நிலம்தானே, சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அது முழுக்க உங்கள் நிலம்தானா என்று பாருங்கள். சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று போர்க்காலத்தில் போட்ட ஓடுதளங்களை ஒட்டி அரசு நிலமும் பட்டா நிலமும் பின்னிக் கிடக்கலாம். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி ஒரு குழி வெட்டினாலும் வழக்கு உங்கள் பேரில்தான்.

அடுத்தது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் அதன் கணக்கில் புதையல். தங்கமாக இருக்க வேண்டியதில்லை. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பத்து ரூபாய்! விக்டோரியா காலத்துத் தொகையை மாற்ற இன்றுவரை யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. மனுவோடு போனால் சீட்டுக்குச் சீட்டு அலையவிடுவார்கள். சாமி சிலையும் நகையும் தவிர வேறொன்று புதையலாக வரும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

"பேப்பர் வேண்டாம்" என்பதன் சூட்சுமமும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. பேப்பர் இல்லையென்றால், பாதி என்று வாயால் சொன்னவர் முக்கால் கேட்டு நிற்கலாம்; அவர் தாராளமாக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த ஆள் அதோடு நிற்கவும் மாட்டார். நான் பார்த்தவரை கதை ஒரே தடத்தில் போகும். இரண்டு நாள் தோண்டிவிட்டு, "வெள்ளைக்காரன் விட்டுப்போன வயர்லெஸ் பெட்டி, உள்ளே சிவப்புப் பாதரசம்" என்பார். இல்லையென்றால் இரிடியம், அல்லது அரிசியைக் காந்தம்போல இழுக்கும் என்று கதை கட்டும் செம்புப் பாத்திரம். பிறகு கோட்டு போட்ட 'விஞ்ஞானி' வருவார். சோதனைக் கட்டணம், கதிர்வீச்சு உடை, ரிசர்வ் வங்கி பெயரில் ஒரு போலிக் கடிதம். ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். சிவப்புப் பாதரசம் என்று ஒரு பொருளே கிடையாது. இரிடியம் உண்மையான உலோகம்தான், ஆனால் உங்கள் வயலில் கோடிக்கணக்கில் படுத்துக்கிடக்காது. 'ஆன்டிக்' என்று விலை பேசுபவரையும் நம்பாதீர்கள். தொல்பொருள் சட்டப்படி நூறு வயது ஆக வேண்டும். 1942-இல் புதைந்த பெட்டிக்கு இன்னும் ஆகவில்லை.

துப்பாக்கி கிடைத்தால்? இங்கேதான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. வழக்கொழிந்த வகை, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது, இவற்றில் ஒன்றாக இருந்தால் உரிமம் தேவையில்லை என்று அதைப் பாதியிலேயே படித்து நிறுத்துகிறார்கள். மீதியையும் படிக்க வேண்டும்: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாததாக இருக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் போதாது. குழல் அடைத்திருந்தாலும் போதாது, அடைப்பை எடுக்க முடியுமே. பட்டறையில் கொடுத்துச் சரிசெய்ய முடியும் என்றால் அது துப்பாக்கிதான். அதைத் தீர்மானிப்பது நீங்களும் இல்லை, டிடெக்டர்காரரும் இல்லை, நிபுணர் அறிக்கை. அந்தக் காலத்து முகாமில் கிடைப்பது பெரும்பாலும் ராணுவத்தார் பயன்படுத்திய .303 ரகத் துப்பாக்கி, நம் நாட்டில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்டது. அறிக்கை வரும் வரை அதைத் தொடாமல் போலீசிடம் சொல்லிவிடுவதே புத்தி.

ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் உறைகளில் முனையில் குண்டு இல்லாமல், அடியில் நடு வட்டத்தில் குழி விழுந்திருந்தால் அது சுட்டு முடிந்தது. குண்டு இன்னும் செருகியிருந்தால், குழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிருள்ளதாகவே நினையுங்கள். பித்தளைக்காகச் சுத்தியால் தட்டிப் பிரிக்கச் சொல்லும் காயலான் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். வெடிமருந்து வயதாவதால் சாதுவாகிவிடாது. சில வகை உலோகத்தோடு சேர்ந்து முன்பைவிட முரடாகும். பாஸ்பரஸ் குண்டு காற்றுப் பட்டாலே எரியும்.

அப்படி எது கண்ணில் பட்டாலும் உழவை நிறுத்தி, பிள்ளைகளை விலக்கி, 112-க்குச் சொல்லுங்கள். பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள்; வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு இடத்துக்கே வரும்.